அழற்சியைக் குறைத்தால் என் மனச்சோர்வு போய்விடுமா, டொக்டர்?

வந்த கடிதம், சுருக்கமாக:

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 36. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. திருமணமாகி ஐந்து வருடம், குழந்தை இனித்தான். 27 வயதில் பத்து நாட்கள், இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல் இருந்திருக்கிறார். புறக்கோட்டையில் கடனுக்குத் துணி வாங்கிக் குவித்து, வேலையை விட்டுவிட்டுப் புடவைக்கடை போடப்போகிறேன் என்று நின்றபோது வீட்டார் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார்கள். பைபோலார் (மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று சொல்லி லித்தியம் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். அந்த மாதிரி எழுச்சி பிறகு ஒருமுறையும் வரவில்லை. இடையிடையே சோர்வு வந்து போனது. இந்த முறை வந்த சோர்வோ ஏழு மாதமாகியும் போகவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் சிக்குன்குனியா. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. விரல் மூட்டும் முழங்காலும் இன்னும் உழைகின்றன. பாமசியில் டைக்ளோபெனாக் குளிசை வாங்கி, நாளுக்கு இரண்டாக மூன்று வாரம் எடுத்திருக்கிறார். குடும்ப வைத்தியர் செய்யச் சொன்ன இரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. 9 என்று வந்தது. ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பைபோலார் என்பதே மூளையின் அழற்சிதான், உனக்கு ஒன்பது வருடமாகப் பிழையான மருந்து தருகிறார்கள் என்று சொல்லி, கட்டுரைகளும் மஞ்சள் சாறு கப்ஸ்யூல்களும் அனுப்பியிருக்கிறார். டைக்ளோபெனாக் எடுத்த முதல் வாரத்தில் மனமும் கொஞ்சம் இலேசானது போல இருந்ததாம்.

அப்படியானால் லித்தியத்தை நிறுத்திவிட்டு அழற்சிக்கு மட்டும் மருந்து எடுக்கலாமா? அண்ணா சொல்லும், அழற்சியைத் தணிக்கும் இன்ஃபிளிக்சிமாப் ஊசியைக் கேட்கலாமா? ஒன்பது வருடமும் வீணா? கிளினிக்கில் டொக்டருக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை, இதையெல்லாம் எப்படிக் கேட்பது? இவைதான் அவருடைய கேள்விகள். நடுவில், போகிற போக்கில் எழுதியது போல, இன்னும் சில வரிகள் இருந்தன. கை நடுங்குகிறது, வயிறு சரியில்லை. கந்தசஷ்டி விரதமும் பிடித்தேன். மூன்று வருடத்தில் 11 கிலோ கூடிவிட்டேன். பல் துலக்கினால் முரசில் இரத்தம் வருகிறது. "சில இரவுகளில், விடியாமலே போனால் நல்லது என்று இருக்கிறது."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேள்வியாகக் கேட்டவற்றைக் காட்டிலும், போகிற போக்கில் எழுதிய அந்த வரிகள்தான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. அதனால்தான் பத்திக்குக் காத்திராமல் உடனே உங்களுக்குத் தனியாக நான்கு வரி அனுப்பினேன்: டைக்ளோபெனாக்கை இன்றோடு விடுங்கள், இன்றைய லித்தியத்தையும் எடுக்கவேண்டாம், விடிந்ததும் வைத்தியசாலைக்குப் போய் லித்தியம் அளவும் சிறுநீரகப் பரிசோதனையும் செய்யுங்கள், கணவரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் போனீர்கள். ஒரு இரவுக் குளிசையை விட்ட பிறகும் லித்தியம் 1.2 இருந்தது. உங்கள் கிளினிக் கொப்பியில் வழக்கமாக எழுதியிருப்பது 0.7. சிறுநீரகம் தப்பியது, இப்போது நடுக்கமும் குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்து நிம்மதியடைந்தேன். உங்கள் சம்மதத்தோடுதான் இதை இங்கே விரிவாக எழுதுகிறேன். லித்தியம் எடுக்கும் எத்தனையோ பேர் இதே ஊரில் மூட்டு உழைவுக்கும் இடுப்பு வலிக்கும் பாமசியில் இதே குளிசையை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மூட்டு உழைவுக் குளிசையும் லித்தியமும்

லித்தியம் உப்பின் இனத்தைச் சேர்ந்த ஒரு தாது. மற்றப் பல மருந்துகளைப் போல அது ஈரலில் உடைந்து கரைவதில்லை. எடுத்தது எடுத்தபடியே சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறவேண்டும். உடலில் தண்ணீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், நப்ரொக்சன், செலிகொக்சிப், மாதவிடாய் வலிக்குப் பெண்கள் எடுக்கும் மெஃபனமிக் அசிட் எல்லாம் ஒரே குடும்பம். இவை அழற்சியைத் தணிப்பதோடு சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். அப்போது நீங்கள் ஒரு குளிசைகூட அதிகம் எடுக்காமலே இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

பெரும்பாலானோருக்கு 0.6 முதல் 0.8 வரை போதும், சிலருக்கு 1.0 வரை வைப்போம். 1.5 ஐத் தாண்டினால் ஆபத்து என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் அதற்குக் கீழேயே கை நடுக்கம், வயிற்றோட்டம், சத்தி எல்லாம் தொடங்கலாம். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அன்று இரவுக்குள் வைத்தியசாலையில் இருக்கவேண்டும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கொண்டுவந்தார்கள். பாரிசவாதம் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். பத்து நாட்களாக முதுகு வலிக்குக் குளிசை எடுத்திருக்கிறார், அது மனநல மருந்தோடு சம்பந்தப்படும் என்று அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. அன்றிலிருந்து லித்தியம் எழுதும் ஒவ்வொருவரிடமும், "வலிக்கு என்ன எடுப்பீர்கள்?" என்று கேட்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை.

உங்களுக்கு விரதமும் சேர்ந்துகொண்டது. ஆறு நாளும் பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்து இரவில் பாலும் பழமும் மட்டும் எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை, மேலே டைக்ளோபெனாக். விரதமே பிடிக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆறு நாளும் உங்களுக்கு எவ்வளவு பெரியது என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அடுத்த முறை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லுங்கள். தாராளமாகத் தண்ணீர் குடித்து, ஒரு நேரம் உப்புச் சேர்ந்த மரக்கறிச் சாப்பாட்டோடு பிடிக்கும் விரதத்தை லித்தியம் தாங்கும். வெயிலில் நீண்ட நேரம் நிற்கும் நாட்களுக்கும் இதே கவனம் வேண்டும். வயிற்றோட்டமோ சத்தியோ வந்தால் லித்தியத்தை அந்த வேளை நிறுத்திவைத்து, அன்றே வைத்தியரைக் கேளுங்கள்.

வலிக்கு உங்களுக்குரியது பனடோல்தான். 500 மில்லிகிராம் குளிசையில் ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். இன்னொரு காரணமும் இருக்கிறது. கொழும்பில் காய்ச்சல் என்றால் அது டெங்குவாகவும் இருக்கலாம், டெங்குவில் டைக்ளோபெனாக் வகைக் குளிசைகள் இரத்தக் கசிவை மோசமாக்கும். ஆகவே லித்தியம் எடுக்காத உங்கள் கணவர்கூடக் காய்ச்சலுக்கு அதைத் தொடக்கூடாது.

சரி, முதல் வாரத்தில் மனம் இலேசானது பொய்யா? பொய்யில்லை. மூன்று மாதமாக முழங்கால் உழைவில் புரண்டு புரண்டு படுத்த ஒருவருக்கு வலி குறைந்து இரண்டு இரவு நல்ல தூக்கம் வந்தால் மனம் இலேசாகத்தான் செய்யும். அதை வைத்து மருந்து மூளையின் அழற்சியைப் போக்கிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

அந்த இரவுகள்

விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுவதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோனீர்கள். நான் கடந்துபோக மாட்டேன். பைபோலார் சோர்வில் இந்த எண்ணம் வருவது உங்கள் பலவீனமோ நன்றிகெட்டதனமோ இல்லை, அது வருத்தத்தின் ஒரு அறிகுறி. நெஞ்சு வலியைச் சொல்வது போல இதையும் சொல்லவேண்டும். முதலில் கணவரிடம், அதே வார்த்தைகளில். அவர் பயந்துபோவார் என்று தயங்காதீர்கள். தெரிந்தால்தான் அவர் பக்கத்தில் இருக்கமுடியும். வீட்டில் இருக்கும் குளிசைகள் எல்லாவற்றையும், லித்தியம் உட்பட, இப்போதைக்கு அவர் பொறுப்பில் வையுங்கள். கிளினிக்கில் இரண்டு மாதத்துக்கு ஒன்றாகத் தருவதை, கொஞ்ச காலத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரும்படி கேட்கலாம்.

எண்ணம் நெருங்கிவந்தால், எப்படி, எப்போது என்று மனம் திட்டம் போடத் தொடங்கினால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அல்லது கணவரோடு எந்தப் பெரிய அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கும் நேரே போங்கள். போகமுடியாத நிலை என்றால் 1990 அம்புலன்ஸ். இலவசம்தான். நடு இரவில் வந்து தொந்தரவு செய்கிறோமே என்று நினைக்கத் தேவையில்லை, அதற்காகத்தான் அங்கே ஆட்கள் விழித்திருக்கிறார்கள்.

அண்ணா சொல்வதில் எவ்வளவு உண்மை

உங்கள் அண்ணா ஒன்றும் இல்லாததைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அழற்சிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கிறது. அதை நீங்களே சிக்குன்குனியாவின் மூன்றாம் நாள் அனுபவித்திருப்பீர்கள். காய்ச்சல் அடிக்கும்போது சாப்பாடு பிடிக்காது, யாரையும் பார்க்கப் பிடிக்காது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கத்தான் தோன்றும். கிருமியோடு போராடும் உடல் சைட்டோகைன் எனும் இரசாயனச் செய்திகளை அனுப்புகிறது, அவை மூளைக்கும் போய்ச் சேருகின்றன. "பேசாமல் படு, சக்தியைச் சேமி" என்பதுதான் செய்தி. மனச்சோர்வைக் கிட்டத்தட்ட இப்படியே வர்ணிப்போம், இல்லையா?

இதற்கு வலுவான சாட்சியம் ஹெபடைடிஸ் சி நோயாளிகளிடமிருந்து வந்தது. புதிய குளிசைகள் வருவதற்கு முன் அவர்களுக்கு இன்டர்ஃபெரோன் ஊசி போடுவார்கள். இன்டர்ஃபெரோன் என்பதே ஒரு சைட்டோகைன்தான். அதற்கு முன் மனநலக் குறை எதுவும் இல்லாத பலர் சில வாரங்களில் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு டைபொய்ட் தடுப்பூசி போட்டால்கூடச் சில மணி நேரம் மனம் லேசாகத் தாழ்வதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் 1945க்கும் 1996க்கும் இடையில் பிறந்த 35 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் புரட்டினார்கள். கிருமித் தொற்றுக்காக வைத்தியசாலையில் தங்கியவர்களுக்கு, பின்னர் மனநிலைக் கோளாறு கண்டறியப்படும் வாய்ப்பு 62 சதவீதம் கூடுதல். உடல் தன்னைத் தானே தாக்கும் நோய்கள் உள்ளவர்களுக்கு 45 சதவீதம் கூடுதல். பைபோலார் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால் அவர்களின் சி.ஆர்.பி. சராசரியாகக் கொஞ்சம் உயர்ந்தே இருக்கிறது.

ஆனால் அண்ணா அனுப்பிய கட்டுரைகள் சொல்லாமல் விட்டவை உண்டு. பைபோலாரில் சி.ஆர்.பி. கூடுதலாக உயர்வது சோர்வின்போது இல்லை, எழுச்சியின்போது. பொதுவாக மனச்சோர்வு உள்ளவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் அது 3க்கு மேல் இருக்கிறது. மீதி மூவரும் அழற்சி இல்லாமலே அதே துன்பத்தைப் படுகிறார்கள். இன்னொன்று, பாதை ஒருவழிப் பாதையும் இல்லை. சோர்வில் விழுந்தவர் நடப்பதை விடுகிறார், தூக்கம் குலைகிறது, எடை கூடுகிறது, பல்லைக் கவனிப்பதில்லை. இவை ஒவ்வொன்றும் தம் பங்குக்கு அழற்சியைக் கூட்டுகின்றன. எது முன், எது பின் என்பது ஆளுக்கு ஆள் மாறும். "பைபோலார் என்பதே அழற்சிதான்" என்ற வசனம் அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பைபோலாரில் பரம்பரை இருக்கிறது, தூக்கத்தின் தாளம் இருக்கிறது, வாழ்க்கை தந்த அடிகள் இருக்கின்றன. சிலருக்கு அழற்சியும் அதில் ஒரு இழையாக ஓடுகிறது.

இப்போது உங்கள் 9 க்கு வருவோம். சி.ஆர்.பி. ஈரலில் உண்டாகும் ஒரு புரதம். உடலில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். மூளையிலா, முழங்காலிலா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்கு நான்கு மாதப் பழசான சிக்குன்குனியா மூட்டு வீக்கம் இருக்கிறது, முரசில் இரத்தம் வருகிறது, 11 கிலோ கூடியிருக்கிறது. 9 என்ற எண்ணுக்கு இவை மூன்றுமே போதும். காலக் கணக்கையும் பாருங்கள். சோர்வு தொடங்கியது ஏழு மாதத்துக்கு முன், சிக்குன்குனியா வந்தது நான்கு மாதத்துக்கு முன். பின்னால் வந்தது முன்னால் வந்ததற்குக் காரணமாக முடியாது. ஏற்கெனவே இருந்த சோர்வை அது ஆழமாக்கியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

ஊசியும் கப்ஸ்யூலும்

அழற்சியைக் குறைத்தால் பைபோலார் சோர்வு குறையுமா என்பதை மருத்துவ உலகம் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. நமக்கு அருகில் உள்ள பாகிஸ்தானில் பைபோலார் சோர்வு உள்ள 266 பேரிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. வழக்கமான மருந்துகளோடு, அழற்சியைத் தணிக்கும் மினோசைக்ளின், செலிகொக்சிப் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2020 இல் முடிவு வெளிவந்தது: அவற்றுக்குப் பதிலாக மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களைவிட அவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. செலிகொக்சிப் உங்கள் டைக்ளோபெனாக்கின் நெருங்கிய உறவு என்பதைக் கவனியுங்கள்.

இன்ஃபிளிக்சிமாப் மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் போடும் மருந்து. 2013 இல், மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 60 பேருக்குப் போட்டுப் பார்த்ததில் மொத்தத்தில் பலனில்லை, ஆனால் சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களுக்குப் பலன் இருக்கலாம் என்ற அறிகுறி தெரிந்தது. அண்ணா பிடித்துக்கொண்டிருப்பது இந்த வரியைத்தான், நம்பிக்கையாகவும் இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் 2019 இல், உடலில் அழற்சி இருப்பதற்கான அறிகுறிகள் உள்ள பைபோலார் நோயாளிகள் 60 பேரைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் பார்த்தார்கள். மொத்தத்தில் அதுவும் பலன் தரவில்லை. சிறுவயதில் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானவர்களிடம் மட்டும் ஒரு வேறுபாடு தென்பட்டது, அது இன்னும் உறுதிப்படவேண்டிய விஷயம். இந்த ஊசியோ உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. மனச்சோர்வுக்காக இதை இன்று நான் யாருக்கும் எழுதமாட்டேன், நீங்கள் கேட்டாலும்.

மஞ்சள் கப்ஸ்யூலை மூடி வையுங்கள். கறியில் போடும் மஞ்சளைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. கப்ஸ்யூலில் வருவது பல மடங்கு செறிவாக்கிய சாறு, உடல் உறிஞ்சுவதற்காக மிளகுச் சாறும் சேர்த்திருப்பார்கள். இப்படியானவற்றால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 சோர்வுக்குச் சிறிதளவு உதவலாம். அதற்குப் போத்தல் வேண்டியதில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சூடை அல்லது சாளை மீன் போதும்.

ஒன்பது வருடம் வீணா?

இந்தக் கேள்விதான் உங்களை ஆக வருத்துகிறது என்று நினைக்கிறேன். ஒன்பது வருடத்தில் அந்த எழுச்சி ஒருமுறைகூட மறுபடி வரவில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். வேலை நிலைத்தது, கடன் அடைந்தது, திருமணம் நடந்தது. இவை தற்செயலாக நடந்தவை என்று என்னால் நம்பமுடியவில்லை. லித்தியத்தை 1949 இல் ஒஸ்ரேலியாவில் ஜோன் கேட் என்பவர் எழுச்சி நிலைக்குப் பயன்படுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் பைபோலாரில் தற்கொலையைக் குறைப்பதற்கு அதைப் போலச் சான்று உள்ள மருந்து குறைவு. உங்களை வருத்தும் இரவுகளை நினைக்கும்போது இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. திடீரென நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் எழுச்சியோ சோர்வோ திரும்பி வரும் ஆபத்து மிக அதிகம். நிறுத்துவதென்றால்கூட அது வைத்தியரோடு சேர்ந்து, மாதக்கணக்கில், படிப்படியாகச் செய்யவேண்டியது.

அதே நேரம், ஏழு மாதச் சோர்வைப் பார்த்துக்கொண்டு அதே அளவில் அதே மருந்தைத் தருவதும் சரியில்லை. லித்தியம் எழுச்சியைத் தடுப்பதில் சிறந்தது, சோர்வைத் தூக்கிவிடுவதில் அவ்வளவு பலமில்லை. ஆகவே அண்ணாவின் கோபத்தில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. உங்கள் சிகிச்சையில் மாற்றம் தேவைதான்.

கிளினிக்கில் கேட்கவேண்டியவை

ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால், அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போய் டொக்டர் கையில் கொடுங்கள். "ஏழு மாதமாகச் சோர்வு. உயிரோடு இருக்க விருப்பமில்லாத இரவுகள். டைக்ளோபெனாக்கோடு லித்தியம் ஏறியது. சி.ஆர்.பி. 9." இந்த நாலு வரியைப் படித்த எந்த மனநல வைத்தியரும் உங்களை ஐந்து நிமிடத்தில் அனுப்பமாட்டார். அனுப்பினால், "என் மருந்தை மாற்றலாமா என்று மூத்த வைத்தியரிடம் கேட்க விரும்புகிறேன்" என்று சொல்லலாம். உங்கள் வருத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதும், பரிசோதனை முடிவுகளின் பிரதியை வாங்குவதும், இன்னொரு வைத்தியரின் கருத்தைப் பெறுவதும் உங்கள் உரிமை. இலவச சிகிச்சை என்பதால் அந்த உரிமை ஒரு துளியும் குறைவதில்லை.

முதலாவதாகக் கேட்கவேண்டியது தைரொய்ட் பரிசோதனை. ஒன்பது வருடம் லித்தியம் எடுத்தவருக்கு எடை கூடி, உற்சாகம் வற்றி, சோர்வு நீங்காமல் இருந்தால், அழற்சியைத் தேடுவதற்கு முன் நான் தைரொய்டைத்தான் தேடுவேன். லித்தியம் தைரொய்ட் சுரப்பைக் குறைக்கக்கூடியது, குறைந்தால் சோர்வு மருந்துகளும் சரியாக வேலை செய்யாது. உங்கள் கடைசி தைரொய்ட் ரிப்போர்ட் இரண்டு வருடத்துக்கு முந்தியது என்று எழுதியிருந்தீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருக்கவேண்டும். இரத்தசோகையும் கல்சியமும் அதே ஊசிக் குத்தலில் பார்த்துவிடலாம்.

தைரொய்ட் சரி என்றால் அடுத்தது மருந்து. லித்தியத்தோடு குவட்டியாபின் அல்லது லமோட்ரிஜின் சேர்ப்பது பைபோலார் சோர்வுக்குச் சான்றுள்ள வழி. குவட்டியாபின் விரைவாக உதவும், தூக்கம் தரும், ஆனால் எடையைக் கூட்டும். உங்கள் 11 கிலோவை நினைத்தால் நான் லமோட்ரிஜின் பக்கம் சாய்வேன். ஆனால் அது மெதுவாக, வாரக்கணக்கில் ஏற்றவேண்டியது, தோலில் சிவப்புத் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அந்த இரவுகள் மோசமாக இருந்தால் காத்திருக்க நேரமில்லை, குவட்டியாபின்தான் நல்லது. இதை உங்களை நேரில் பார்க்கும் வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும். சோர்வுதானே என்று வெறும் மனச்சோர்வுக் குளிசையை மட்டும் யாராவது எழுதினால், உங்களுக்கு பைபோலார் இருப்பதை நினைவுபடுத்துங்கள். தனியாகக் கொடுத்தால் அது எழுச்சியைக் கிளப்பிவிடலாம். குழந்தை வேண்டும் என்ற எண்ணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வல்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள பிள்ளைக்குப் பெரும் பாதிப்பைத் தரக்கூடியது, அது உங்களுக்கு வேண்டாம். லித்தியத்தோடு கர்ப்பம் தரிப்பதற்கும் முன்கூட்டியே திட்டம் வேண்டும்.

மூட்டு உழைவுக்குத் தனியாக ஒரு மூட்டு வைத்தியரைப் பாருங்கள். அவரிடம் முதல் வசனமே, "நான் லித்தியம் எடுக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். சிக்குன்குனியா மூட்டு வீக்கத்துக்குச் சிலவேளை பிரெட்னிசலோன் போன்ற ஸ்டெரொய்ட் எழுதுவார்கள். பைபோலார் உள்ளவருக்கு அது எழுச்சியைத் தூண்டிவிடலாம். எழுதத்தான் வேண்டும் என்றால் இரண்டு வைத்தியர்களும் ஒருவரோடொருவர் பேசட்டும், கணவர் உங்கள் தூக்க நேரத்தைக் கவனிக்கட்டும்.

இனி அழற்சிக்கு வருகிறேன். அண்ணாவின் ஆசையை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. உங்கள் உடலில் இருக்கும் அழற்சியைக் குறைப்பது நல்லதுதான். லித்தியத்தின் இடத்தில் வைக்காமல், அதன் பக்கத்தில் வைத்துச் செய்வோம். முரசில் இரத்தம் வருவதை முதலில் பாருங்கள். கொழும்பில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, காலையில் போனால் காட்டலாம். பல் வைத்தியர் வலிக்குக் குளிசை எழுதினால் அங்கேயும் லித்தியத்தைச் சொல்லவேண்டும். முழங்கால் அனுமதிக்கும் அளவுக்கு, மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைப் பக்கம் இருபது நிமிடம் நடங்கள். முதல் இரண்டு வாரம் கணவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவேண்டியிருக்கும், சோர்வில் இருப்பவருக்குச் செருப்பைப் போடுவதே ஒரு மலை. படுக்கும் நேரமும் எழும்பும் நேரமும் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒன்றாக இருக்கட்டும். பைபோலாருக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது. மூட்டு வீக்கம் அடங்கி, பல்லும் சரியான பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து சி.ஆர்.பி.யை மறுபடி பாருங்கள். காய்ச்சலோ தடிமனோ இல்லாத வாரத்தில் எடுக்கவேண்டும்.

அண்ணாவுக்கு இந்தப் பதிலை அனுப்பி வையுங்கள். தங்கைக்காக இரவிரவாகப் படித்த ஒருவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் உதவ விரும்பினால் ஒன்று செய்யலாம்: கிளினிக் நாளன்று தொலைபேசியில் இருந்து, நீங்கள் எழுதிய அரைப் பக்கத்தை டொக்டரிடம் கொடுத்தீர்களா என்று கேட்கலாம்.

லித்தியத்தை மீண்டும் தொடங்கிய பிறகு ஒரு வாரத்தில் அளவு பார்க்கவேண்டும். இரவு குளிசை எடுத்து 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள், காலைக் குளிசையை எடுத்துவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். வந்த எண்ணைக் கொப்பியில் எழுதச் சொல்லி, எனக்கும் ஒரு வரி போடுங்கள்.